தாராவியில் கவுன்சிலரின் கை எதுவரை நீளும்?

மும்பை மாநகராட்சிக்கு 2026 ஜனவரி 15 அன்று வாக்குப்பதிவு நடந்து, ஏறக்குறைய நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு கவுன்சிலர்கள் கூடும் சபையான மாமன்றம் மீண்டும் வந்திருக்கிறது. மும்பையின் பெரிய குடிசைப் பகுதியான தாராவியின் ஏழு வார்டுகளில் வாக்குக் கேட்டு வந்த எல்லாரும், குடிசைகளை அகற்றி அடுக்குமாடி வீடுகள் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்தைப் பற்றித்தான் பேசினார்கள். "ஒரு குடும்பத்தைக்கூட வெளியே போக விடமாட்டோம்" என்றார்கள் சிலர். "வீடு சீக்கிரம் கிடைக்க வழி செய்வோம்" என்றார்கள் வேறு சிலர். இரண்டையும் கேட்ட மக்களுக்கு எழும் கேள்வி எளிமையானது: மராத்தியில் நகர்சேவக் என்றும் நம் பேச்சில் கவுன்சிலர் என்றும் சொல்கிறோமே, அவரால் இந்தத் திட்டத்தை நிறுத்த முடியுமா? மாற்றவாவது முடியுமா?

நிறுத்த முடியாது. சில இடங்களில் மாற்ற முடியும். எந்தெந்த இடங்கள் என்பது தெரிய வேண்டுமானால், இந்தத் திட்டத்தில் எந்த அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

## தாராவி யாருடைய நிலம்?

தாராவியின் பரப்பு சுமார் 240 ஹெக்டேர். ஒரு காலத்தில் மித்தி ஆற்றோரச் சதுப்பு. முதலில் அங்கே இருந்தவர்கள் கோலி மீனவர்கள். அப்புறம் சௌராஷ்டிரத்திலிருந்து குயவர்கள் வந்து கும்பார்வாடா குடியிருப்பை உருவாக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம்மவர்கள் தோல் பதனிடும் தொழிலைத் தொடங்கினார்கள். சதுப்பைத் தூர்த்து மனையாக்கியதில் பெரும்பங்கு இப்படிக் குடியேறியவர்களுடைய உழைப்பு. 90 அடிச் சாலையில் இன்றும் தமிழ்ப் பெயர்ப் பலகைகள் தொங்குவதன் பின்கதை இதுதான்.

நிலத்தில் பெரும்பகுதி மாநகராட்சிக்குச் சொந்தம். மீதி மாநில அரசு, மத்திய அரசு அமைப்புகள், தனியார் என்று பிரிந்து கிடக்கிறது. நிலத்துக்குச் சொந்தக்காரரான மாநகராட்சிக்குத் திட்டத்தை முடிவு செய்யும் உரிமை இல்லை. குழப்பம் தொடங்கும் இடம் இது.

## திட்டம் எப்படி ஓடுகிறது?

மும்பையில் குடிசைப் பகுதிகளைச் சீரமைக்கும் முறை 1995இல் ஒரு வடிவத்துக்கு வந்தது. அந்த ஆண்டுதான் எஸ்.ஆர்.ஏ. எனப்படும் குடிசைப் பகுதி மறுவாழ்வு ஆணையம் செயல்படத் தொடங்கியது. ஏழைகளுக்கு அரசு தன் பணத்தில் வீடு கட்டுவதில்லை. கட்டுமான நிறுவனம் இலவசமாகக் கட்டிக் கொடுக்கும். அதற்குக் கூலியாக, அதே நிலத்தில் கூடுதலாகக் கட்டிச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையை அந்த நிறுவனம் பெறும். இதில் அடிக்கடி அடிபடும் சொற்கள் மூன்று.

1. எஃப்.எஸ்.ஐ. தளப் பரப்புக் குறியீடு. 1,000 சதுர அடி மனையில் குறியீடு 4 என்றால், மாடி மாடியாக மொத்தம் 4,000 சதுர அடி கட்டலாம். மும்பை போன்ற தீவு நகரத்தில் இந்த எண்ணைக் கூட்டுவது என்பது நோட்டு அச்சடிப்பது மாதிரி. எண்ணைக் கூட்டும் அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது.

2. டி.டி.ஆர். மாற்றத்தக்க மேம்பாட்டு உரிமை. கிடைத்த எஃப்.எஸ்.ஐ. முழுவதையும் அந்த இடத்திலேயே கட்ட முடியாவிட்டால், மிச்சத்தை நகரின் வேறு பகுதியில் கட்டுகிறவர்களுக்கு விற்கலாம். தாராவிக்கு இது பெரிய விஷயம். விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் கட்டடங்களின் உயரத்துக்கு வரம்பு உண்டு. கட்ட முடியாமல் நிற்கும் பரப்பெல்லாம் டி.டி.ஆர். ஆகி வெளியே வரும்.

3. தகுதிப் பட்டியல். அதிகாரிகள் மொழியில் அனெக்ஸர் டூ. எந்த வீட்டுக்காரருக்கு இலவச வீடு, யாருக்குக் கிடையாது என்று சொல்லும் பட்டியல். ஒரு குடும்பத்தைப் பொறுத்தவரை திட்டம் என்பதே இந்தப் பட்டியலில் அவர்கள் பெயருக்கு எதிரே எழுதியிருக்கும் ஒரு வரிதான்.

வழக்கமான எஸ்.ஆர்.ஏ. திட்டங்களுக்குக் குடியிருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் சம்மதம் வேண்டும். தாராவியில் அந்த நிபந்தனை கிடையாது, அரசே முன்னின்று நடத்தும் திட்டம் என்பது காரணம். மற்ற இடங்களில் மக்கள் கையிலிருந்த ஒரே பேரம் பேசும் கருவி இங்கே தொடக்கத்திலேயே எடுக்கப்பட்டுவிட்டது. கவுன்சிலர் பற்றிய கேள்வி மற்ற குடிசைப் பகுதிகளைவிட தாராவியில் கனமாக விழுவதற்கு இது முக்கியக் காரணம்.

ஒப்பந்தத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாராவிக்கு என்று தனித் திட்டம் 2004இல் அறிவிக்கப்பட்டு, பல தடவை நின்று நின்று கிளம்பியது. 2018இல் விடப்பட்ட டெண்டரில் செக்லிங்க் நிறுவனம் 7,200 கோடி ரூபாயும் அதானி குழுமம் 4,539 கோடி ரூபாயும் கேட்டன. ரயில்வே நிலம் சேர்ந்ததைக் காரணம் காட்டி 2020இல் அந்த டெண்டர் ரத்தானது. 2022இல் புது நிபந்தனைகளோடு மறுபடி விடப்பட்ட டெண்டரில் அதானி 5,069 கோடி, டிஎல்எஃப் 2,025 கோடி. அதானிக்குக் கிடைத்தது. செக்லிங்க் தொடர்ந்த வழக்கை மும்பை உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் தள்ளுபடி செய்தது. திட்டத்துக்கென அமைந்த கூட்டு நிறுவனத்தில் அதானிக்கு 80 விழுக்காடு, மாநில அரசுக்கு 20 விழுக்காடு. மாநகராட்சிக்கு அதில் பங்கு இல்லை.

## ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம்

தகுதி விதிகளைப் படித்தால் தலை சுற்றும். ஒரு வீட்டை வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

சந்துக்குள் பத்தடிக்குப் பதினைந்தடி அறை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தரைத்தளத்தில் இட்லி வியாபாரக் குடும்பம். இரவே மாவரைத்து வைத்து, விடிவதற்குள் அவித்து, அலுமினியப் பாத்திரத்தில் துணி மூடி சைக்கிளில் கட்டி அனுப்பிவிடுவார்கள். மும்பையின் தெருக்களில் காலையில் ஹார்ன் அடித்துக்கொண்டு இட்லி விற்பவர்களில் பலருடைய அடுப்பு தாராவியில்தான் எரிகிறது. அறைக்கு வெளியே செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. அதில் ஏறினால் மாடி. அங்கே வேறொரு குடும்பம். சந்துக் கடைசியில் 2006இல் வந்து குடியேறிய இன்னொரு குடும்பம்.

இந்த மூன்று குடும்பங்களுக்கும் விதி மூன்று மாதிரி.

1. தரைத்தளம், 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து இருப்பவர்கள். தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசம். வழக்கமான எஸ்.ஆர்.ஏ. வீட்டைவிட 50 சதுர அடி அதிகம்.
2. தரைத்தளம், 2000க்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவர்கள். தாராவிக்கு வெளியே 300 சதுர அடி வீடு, இரண்டரை லட்ச ரூபாய் கட்ட வேண்டும். 2006இல் வந்த குடும்பம் இதில் வரும்.
3. 2011க்குப் பிறகு 2022 நவம்பர் 15 வரை வந்தவர்களும், எந்த ஆண்டு வந்திருந்தாலும் மாடியில் இருப்பவர்களும். வெளியே வாடகை வீடு. வாடகையாகக் கட்டிக் கட்டிக் காலப்போக்கில் சொந்தமாக்கிக்கொள்ளலாம்.

மூன்றாவதை இன்னொரு முறை படியுங்கள். மாடிக் குடும்பம் இருபத்தைந்து வருடம் அந்த ஏணியில் ஏறி இறங்கியிருந்தாலும், கீழ்வீட்டோடு சேர்த்து எண்ணப்படாது. தாராவியில் மாடியில்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் 'தகுதியுள்ளவர்', 'தகுதியற்றவர்' என்ற கோடு தெருவுக்குத் தெரு போவதில்லை. ஒரே சுவருக்குள், ஏணியின் முதல் படியில் விழுகிறது.

தரைத்தள இட்லிக் குடும்பத்துக்கும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. அந்த அறை வீடு என்று எழுதப்பட்டால் 350 சதுர அடி. தொழில் செய்யும் இடம் என்று எழுதப்பட்டால் 225 சதுர அடி வரை இலவசம், அதற்கு மேல் பணம். உண்மையில் அது இரண்டும்தான். பதினைந்தாவது மாடி வீட்டில் நள்ளிரவு கிரைண்டர் ஓடுமா, மாவு கழுவிய தண்ணீர் எங்கே போகும், அத்தனை பாத்திரமும் லிஃப்டில் இறங்குமா என்பதற்கு அளவுக் கணக்கில் இடமில்லை. இந்த மாதிரிக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஒருவர் முதலில் போகும் வாசல் அமைச்சரின் வீடாக இருக்க முடியாது. கவுன்சிலர் அலுவலகமாகத்தான் இருக்கும்.

## சட்டம் என்ன சொல்கிறது?

அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நகராட்சிகள், மாநில அரசு ஒப்படைத்த வேலையைச் செய்யும் துறைகளாக இல்லாமல் தன்னாட்சி அமைப்புகளாக வேண்டும் என்பது அதன் நோக்கம். அதோடு சேர்ந்த 12ஆவது அட்டவணை, நகராட்சிகளிடம் கொடுக்கத்தக்க 18 வேலைகளைப் பட்டியலிடுகிறது. நகரத் திட்டமிடல் அதில் முதலாவது. குடிசைப் பகுதி மேம்பாடும் அதில் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் தாராவியை மாமன்றம்தானே முடிவு செய்ய வேண்டும்?" என்று கேட்பது நியாயம். ஆனால் 243டபிள்யூ பிரிவின் வாசகம், இந்த வேலைகளை மாநிலச் சட்டமன்றம் நகராட்சிகளுக்கு 'அளிக்கலாம்' என்று முடிகிறது. 'அளிக்க வேண்டும்' என்று இல்லை. அந்த ஒரு வினைமுற்றில் மாமன்றத்தின் உரிமை முழுவதும் மாநில அரசின் விருப்பமாகிவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பெரும்பாலான மாநிலங்கள் நகரத் திட்டமிடலைத் தங்கள் கையிலேயே வைத்திருக்கின்றன. தமிழ்நாடும் விதிவிலக்கு அல்ல. சென்னையில் திட்டமிடல் சி.எம்.டி.ஏ.விடம் இருக்கிறது, குடிசைப் பகுதி வேலை முன்பு குடிசை மாற்று வாரியமாக இருந்த நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம் இருக்கிறது. இரண்டும் மாநில அரசின் அமைப்புகள்.

மகாராஷ்டிரத்தில் 1966ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் இன்னொரு கருவியையும் தருகிறது. ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் சிறப்புத் திட்டமிடல் ஆணையம் ஒன்றை மாநில அரசு நியமிக்கலாம். நியமித்தவுடன் அந்த எல்லைக்குள் மாநகராட்சியின் திட்டமிடல் அதிகாரம் நின்றுவிடும். தாராவிக்கு அந்த ஆணையம் எஸ்.ஆர்.ஏ. தரப்புதான். கட்டட அனுமதி, வரைபடம், சாலை அமைப்பு எல்லாம் அங்கே. தெருவிளக்கு எரியவில்லை என்றால் மாநகராட்சி, தெருவே இருக்குமா என்றால் எஸ்.ஆர்.ஏ.

## மாமன்றம் இல்லாத காலம்

மும்பை மாமன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச் 7 அன்று முடிந்தது. பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 243யூ பிரிவு. நடக்கவில்லை. பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீட்டு வழக்கு ஒரு காரணம். வார்டுகளின் எண்ணிக்கையை ஓர் அரசு 227இலிருந்து 236 ஆக்க, அடுத்த அரசு மறுபடி 227 ஆக்கியது இன்னொரு காரணம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் வேலை நகர்ந்தது.

இடைப்பட்ட காலத்தில் மாநகராட்சி ஆணையரே நிர்வாகியாகவும் இருந்தார். மும்பை மாநகராட்சியின் அமைப்பில் ஆணையர் தீர்மானத்தை முன்வைப்பார், மாமன்றமும் அதன் குழுக்களும் ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும். நிர்வாகி காலத்தில் இரண்டும் ஒரே ஆள். 2025-26இல் 74,427 கோடி ரூபாய் வரவு செலவுத் திட்டத்தைப் போட்டதும் அவர்தான், ஒப்புதல் தந்ததும் அவர்தான்.

அந்த நான்கு ஆண்டுகளில் தாராவி தொடர்பாக நடந்தவற்றை வரிசைப்படுத்தினால்:

1. 2022 நவம்பர்: டெண்டர் திறப்பு, அதானி குழுமம் முதலிடம்.
2. 2023 ஜூலை: மாநில அரசு அதிகாரபூர்வமாக ஒப்பந்தம் வழங்கியது.
3. 2023 நவம்பர்: மும்பையில் டி.டி.ஆர். பயன்படுத்தும் கட்டுமான நிறுவனங்கள் முதல் 40 விழுக்காட்டைத் தாராவியிலிருந்தே வாங்க வேண்டும் என்று விதித் திருத்தம்.
4. 2024 மார்ச்: வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடக்கம்.
5. 2024 செப்டம்பர்: தகுதிபெறாதவர்களைக் குடியமர்த்த, காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளில் 255.9 ஏக்கர் உப்பள நிலத்துக்கு மாநில அமைச்சரவை ஒப்புதல்.
6. 2024 அக்டோபர்: தேவ்னார் குப்பை மேட்டில் சுமார் 124 ஏக்கர் ஒதுக்கீடு.
7. 2025 மே: திட்ட வரைவுக்கு முதலமைச்சர் ஒப்புதல்.

டெண்டரிலிருந்து வரைவு வரை ஒவ்வொரு பெரிய முடிவும், மும்பையில் ஒரு கவுன்சிலர்கூட பதவியில் இல்லாத நேரத்தில் எடுக்கப்பட்டது. மாமன்றம் இருந்திருந்தால் இவற்றைத் தடுத்திருக்கும் என்று சொல்ல வரவில்லை, பெரும்பாலானவற்றுக்கு அதன் ஒப்புதலே தேவையில்லை. ஆனால் கேள்வி கேட்கும் 227 பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கில் ஆணையர் எழுந்து நின்று பதில் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பதில்கள் குறிப்பேட்டில் ஏறியிருக்கும். நகரத்தின் நிலத்தைப் பற்றிய பேச்சு நகரத்தின் சபையில் நான்கு ஆண்டுகள் நடக்கவே இல்லை. இது சின்ன இழப்பு அல்ல.

## தேவ்னார் கணக்கு

மாமன்றத்தின் இன்மை எங்கே நேரடியாகப் பணமாகிறது என்பதற்கு ஆறாவது வரி எடுத்துக்காட்டு.

தேவ்னார் குப்பை மேடு 1927 முதல் மும்பையின் குப்பையைச் சுமக்கிறது. அந்த இடத்தில் வீடு கட்ட வேண்டுமானால் முதலில் குப்பையை அகற்ற வேண்டும். சுமார் 185 லட்சம் டன் பழைய குப்பை. அதற்கு மாநகராட்சி 2025இல் விட்ட டெண்டரின் மதிப்பு 2,368 கோடி ரூபாய், காலம் மூன்று ஆண்டுகள். செலவு மாநகராட்சியினுடையது.

குப்பையை அகற்றுவது எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான், தேசியத் தூய்மைத் திட்டமும் அதைத்தான் வலியுறுத்துகிறது என்பது ஒரு வாதம். நிலத்தைப் பயன்படுத்தப்போகிற திட்டம்தானே அதைச் சுத்தம் செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது எதிர்வாதம். எனக்கு இரண்டாவதில் நியாயம் அதிகம் தெரிகிறது. எப்படிப் பார்த்தாலும் மாநகராட்சியின் கருவூலத்திலிருந்து இவ்வளவு பெரிய தொகை போவது சாதாரண காலத்தில், மாநகராட்சியின் பெரிய செலவுகளுக்கு ஒப்புதல் தரும் நிலைக்குழுவுக்கு வந்திருக்கும். ஆளும் தரப்பும் எதிர்த் தரப்பும் உட்கார்ந்திருக்கும் குழு அது. நிர்வாகி காலத்தில் அந்த மேசை காலியாக இருந்தது.

## இனி எந்தக் கதவுகள் திறந்திருக்கின்றன?

1. பணம். நிலைக்குழு திரும்பிவிட்டது. தாராவிக்காகவும், தாராவி மக்கள் போகவிருக்கும் இடங்களுக்காகவும் மாநகராட்சி போடப்போகும் குடிநீர்க் குழாய், கழிவுநீர்ப் பாதை, மழைநீர் வடிகால், சாலை எல்லாமே வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியாக வந்தாக வேண்டும். இவற்றில் எது திட்ட நிறுவனத்தின் செலவு, எது வரி கட்டுகிறவர்களின் செலவு என்று கேட்கும் முழு உரிமை நிலைக்குழு உறுப்பினருக்கு உண்டு.

2. நிலம். மாநகராட்சி நிலத்தைக் கைமாற்றுவதற்கு மாமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்பது 1888ஆம் ஆண்டு மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் பொது விதி. நில விவகாரங்கள் மேம்பாட்டுக் குழு வழியாக வரும், மராத்தியில் சுதார் சமிதி. குடிசைச் சட்டத்தையும் நகரமைப்புச் சட்டத்தையும் காட்டி மாநில அரசு இதைச் சுற்றிக்கொண்டு போக முடியும், போயும் இருக்கிறது. அப்படியானாலும் மாநகராட்சி எவ்வளவு நிலம் கொடுத்தது, பதிலுக்கு என்ன வாங்கியது என்ற கணக்கை அந்தக் குழு கேட்டு வாங்கிப் பதிவு செய்யலாம்.

3. பள்ளி, மருத்துவமனை, மைதானம். நகரத்துக்கான திட்டத்தில் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய மனைகள் புதிய வரைவில் அதே அளவில் திரும்ப வருகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது. அலுப்பான வேலை. இரண்டு வரைபடங்களை மேசையில் விரித்து மனை எண் மனை எண்ணாகச் சரிபார்க்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளிகளில் தமிழ் வழி வகுப்புகளும் நடக்கும் ஊர் இது. பள்ளி எந்த மூலைக்குப் போகிறது என்பது ஒரு குழந்தை தினமும் எத்தனை சாலையைக் கடக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும்.

4. தகுதிப் பட்டியல். பட்டியலைத் தயாரிப்பது கவுன்சிலர் வேலை அல்ல, மேல்முறையீட்டைத் தீர்ப்பதும் அவர் அல்ல. ஆனால் தகுதியை நிரூபிக்கும் காகிதங்களில் பல மாநகராட்சி அலுவலகத்திலேயே இருக்கின்றன. கடை நடத்தும் உரிமம், பிறப்புப் பதிவு, மாநகராட்சிப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, குடிநீர் இணைப்புக் கட்டண ரசீது. 1976இல் குடிசைகளைக் கணக்கெடுத்த பிறகு கொடுக்கப்பட்ட, புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டையான போட்டோபாஸ் இன்னும் சில வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது. பல வீடுகளில் மழை வெள்ளத்தோடு போய்விட்டது. தொலைந்த ஆவணத்துக்கு நகல் எடுத்துத் தர வார்டு அலுவலகத்தில் ஒரு மேசையை ஒதுக்கவைக்க ஒரு கவுன்சிலரால் முடியும். பெரிய அரங்கில் பேசும் பேச்சைவிட இது அதிகக் குடும்பங்களைக் காப்பாற்றும் என்று உறுதியாக நம்புகிறேன்.

5. கருத்துக் கேட்பு. விதிகளில் திருத்தம் வரும்போது ஆட்சேபங்களும் யோசனைகளும் கேட்டு அறிவிப்பு வரும், காலக்கெடுவோடு. அரசிதழிலும் ஏதோ இரண்டு நாளிதழ்களிலும் வரும் அந்த அறிவிப்பைத் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் சந்து முனையில் ஒட்டி, கெடு முடிவதற்குள் கையெழுத்து வாங்குவது கவுன்சிலரின் ஆட்களால் முடிகிற வேலை.

## முலுண்டில் இன்னொரு கவுன்சிலர்

தாராவியை மட்டும் பார்த்தால் படம் முழுமையாகாது. உப்பளங்களுக்கும் தேவ்னாருக்கும் இதே திட்டத்துக்குக் கொடுக்கப்பட்ட குர்லா மதர் டெய்ரி பால்பண்ணை நிலத்துக்கும் அருகே வசிக்கிறவர்களுக்கும் கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். முலுண்டில் போராட்டம் நடந்தது. குர்லாவில் அந்த 21 ஏக்கரைப் பூங்காவாக்கக் கேட்டு மக்கள் திரண்டார்கள். "எங்கள் ரயிலில் ஏற்கெனவே ஏற முடியவில்லை, தண்ணீர் போதவில்லை, இன்னும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எங்கே போகும்?" என்பது அவர்கள் கேள்வி. உப்பளம் மழைநீரை வாங்கிக்கொள்ளும் தாழ்நிலம், அதில் கட்டினால் அக்கம்பக்கத்தில் வெள்ளம் வரும் என்ற சுற்றுச்சூழல் ஆட்சேபமும் சேர்ந்திருக்கிறது.

இங்கே ஒரு சிக்கல். தாராவி கவுன்சிலர் "யாரும் வெளியே போகக் கூடாது" என்கிறார். முலுண்ட் கவுன்சிலர் "யாரும் இங்கே வரக் கூடாது" என்கிறார். கேட்க இரண்டும் ஒரே கோரிக்கை மாதிரி இருக்கும். உள்ளே வேறு. முதலாவது ஒரு குடும்பத்தின் உரிமையைப் பற்றியது. இரண்டாவது சில சமயம் நியாயமான வசதிக் கவலை, சில சமயம் குடிசைவாசிகள் பக்கத்தில் வேண்டாம் என்ற வெறுப்பு. இரண்டையும் ஒன்றாகக் கலக்கும் கவுன்சிலரிடம் மக்கள் கவனமாக இருக்க வேண்டும்.

வெளியே போவது என்றால் என்ன என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2000 முதல் சென்னையின் நடுவிலிருந்து கண்ணகி நகருக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அனுப்பப்பட்டன. வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு வேலை செய்யும் வீடு இரண்டு பேருந்து தூரம் தள்ளிப் போனது. பிள்ளைகளுக்குப் பள்ளி நடுவருடத்தில் மாறியது. கூரை கிடைத்தது, பிழைப்பு அறுந்தது.

## மாமன்றமே முடிவெடுத்தால்?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற சிறு நகரம். அங்கே நகர மன்றமே 2000இல் ஃபோர்ட் ட்ரம்புல் பகுதியின் சுமார் 90 ஏக்கர் மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பக்கத்தில் ஃபைசர் மருந்து நிறுவனத்தின் ஆய்வு மையம் வருகிறது, வேலை பெருகும், வரி வரும் என்பது கணக்கு. வீட்டைத் தர மறுத்தவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய், 2005இல் 5க்கு 4 என்ற கணக்கில் தோற்றார்கள். 2009இல் ஃபைசர் கிளம்புவதாக அறிவித்தது. வீடுகள் இடிக்கப்பட்ட நிலம் பல ஆண்டுகள் புல் முளைத்துக் கிடந்தது.

உள்ளூர் மன்றம் முடிவெடுத்தால் முடிவு சரியாகத்தான் இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் அங்கே யார் கை தூக்கினார்கள் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. தீர்ப்பைத் தொடர்ந்து கிளம்பிய கோபத்தில் 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் நிலம் எடுக்கும் சட்டங்களைத் திருத்தின. தாராவியில் யார் கை தூக்கினார்கள் என்று கேட்டால் விடை ஒரு துறையின் பெயராகவும் ஒரு அரசாணை எண்ணாகவும்தான் கிடைக்கிறது.

## உங்கள் கவுன்சிலரிடம் கேட்க வேண்டியவை

"திட்டத்தை எதிர்க்கிறீர்களா, ஆதரிக்கிறீர்களா?" என்ற கேள்விக்கு அவர் சொல்லும் பதிலால் எதுவும் மாறாது. அவரது அதிகாரத்துக்குள் வருபவற்றைக் கேட்க வேண்டும்.

1. தேவ்னார் குப்பை அகற்றும் செலவில் ஒரு பகுதியைத் திட்ட நிறுவனத்திடம் வசூலிக்க நிலைக்குழுவில் தீர்மானம் கொண்டுவருவீர்களா?
2. மாநகராட்சி கொடுத்த நிலத்தின் பரப்பு, மதிப்பு, ஈடு ஆகியவற்றை வெள்ளை அறிக்கையாக வெளியிடச் சொல்வீர்களா?
3. எங்கள் வார்டில் தகுதியற்றவர் என்று எழுதப்பட்டவர்களின் மேல்முறையீட்டுக்கு ஆவண நகல் எடுத்துத் தரும் மேசை எந்தத் தேதியில் திறக்கும்?
4. மாடிக் குடும்பங்கள் எத்தனை என்ற கணக்கை வார்டு வாரியாகக் கேட்டு வாங்குவீர்களா?

மூன்றாவதும் நான்காவதும்தான் அவசரம். மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு. கீழ்வீட்டுக்காரர் கையில் மின் கட்டண ரசீதும் வாக்காளர் பட்டியல் நகலும் இருக்கும். மாடிக் குடும்பத்துக்குப் பெரும்பாலும் தனி மின் மீட்டர் இருக்காது, கீழ்வீட்டு மீட்டரிலிருந்து இழுத்த ஒயர்தான். ஆண்டுக்கணக்கில் அங்கே இருந்ததற்கு அவர்கள் காட்டக்கூடியவை பிள்ளையின் பள்ளிச் சான்றிதழும், தடுப்பூசி அட்டையும், ரேஷன் அட்டையும். அவற்றை இப்போதே எடுத்து, வரிசைப்படுத்தி, இரண்டு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம். அந்த உறையோடு வார்டு அலுவலகம் போகும்போது கூட வருவாரா என்று கவுன்சிலரைக் கேளுங்கள்.